ரம்பம் போன பிறகும் இருக்கும் ரசீது

சனி – ராக்ஃபர்ட், இல்லினாய்

பழைய மரவேலை இயந்திரங்களைச் சேர்க்கிறவர்களுக்குக் கொட்டகை வேண்டும், கிரேன் வேண்டும், பொறுத்துப்போகிற குடும்பம் வேண்டும். அந்த இயந்திரங்களின் காகிதங்களைச் சேர்க்கிறவனுக்கு ஓர் அலமாரி போதும். நான் இரண்டாவது வகை. கேட்டலாக், விலைப்பட்டியல், உதிரிபாகப் பட்டியல், கம்பெனி லெட்டர்ஹெட்டில் வந்த கடிதம், ரசீது, விளம்பர அட்டை, மை ஒற்றும் தாள் என்று எதுவானாலும் சரி. இரும்பு உருகிப் போன பிறகும் இவை எங்கோ ஒரு மேஜை இழுப்பறையில் கிடந்து பிழைத்திருக்கும்.

இந்தப் பயணம் மிச்சிகன் ஏரியை ஒரு சுற்று. துணைக்குச் சித்தப்பா. ஃபவுண்டரி பேட்டர்ன் ஷாப்பில், அதாவது இரும்பு வார்ப்புக்கு மர மாதிரிகள் செய்யும் பட்டறையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் அவருக்கு அக்கறை கிடையாது, மெஷின் பார்க்கலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன்.

ராக்ஃபர்ட் ராக் ஆற்றின் இரு கரையிலும் கிடக்கிற ஊர். 19ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே மரச்சாமான் தொழிற்சாலைகளை வளர்த்தார்கள். மிட்வே வில்லேஜ் அருங்காட்சியகத்தில் ஊரின் தொழில் வரலாற்றைப் பார்க்கலாம். கூட்டம் என்னவோ காலுறையில் தைத்த குரங்குப் பொம்மைகளின் முன்னால்தான். அதுவும் இந்த ஊர்ச் சரக்குதான், குறை சொல்ல முடியாது.

நான் வந்தது டபிள்யூ.எஃப். அண்ட் ஜான் பார்ன்ஸ் கம்பெனிக்காக. 1870களிலிருந்து காலால் மிதித்து ஓட்டும் மரவேலை இயந்திரங்களை இங்கே செய்து விற்றார்கள். வட்ட ரம்பம், வளைவுகளை அறுக்கும் ஸ்க்ரோல் சா, லேத், சதுரத் துளை வெட்டும் மார்டைசர் என எல்லாவற்றுக்கும் காலே எஞ்சின். சிலவற்றில் இருக்கையே உண்டு; உட்கார்ந்து பெடல் போடலாம்.

பார்ன்ஸ் விளம்பரங்கள் சுற்றிச் சுற்றிச் சொல்வது ஒரே விஷயம்தான். நீராவி எஞ்சின் வைக்க வசதியில்லாத சிற்றூர்த் தச்சரும், ஜன்னல் சட்டமும் கதவும் செய்வதில், பெரிய தொழிற்சாலையோடு போட்டி போடலாம். வாங்குமுன் ஓட்டிப் பார்க்கவும் கொடுத்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது கேட்டலாக்கின் பின்பக்கங்கள். வாங்கிய தச்சர்களின் கடிதங்கள் அங்கே பொடி எழுத்தில் நெருக்கி அச்சிடப்பட்டிருக்கும். நல்ல கடிதங்களாகப் பொறுக்கித்தான் போட்டிருப்பார்கள், தெரியும். இருந்தாலும் என்ன மரம், எத்தனை அங்குலக் கனம், எவ்வளவு நேரம் என்று எழுதியிருப்பது தச்சர்தான், விளம்பரக்காரர் இல்லை.

ஊரில் ஒரு பழம்பொருள் கடையில், தபாலுக்காக மூன்றாக மடித்த பார்ன்ஸ் விளம்பரத் தாள் ஒன்று 18 டாலருக்குக் கிடைத்தது. மடிப்பில் கிழிசல். சித்தப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாள் பூரா மிதிச்சா முட்டி என்னடா ஆகும்?"

"அதைக் கேட்டலாக்கில போட மாட்டாங்க சித்தப்பா."

ஞாயிறு – எல்க்ஹார்ன், விஸ்கான்சின்

வழியில் பெலாய்ட். நிற்கவில்லை, ஆனால் சொல்லாமல் போக முடியாது. பெர்லின் மெஷின் வொர்க்ஸ் என்ற கம்பெனி விஸ்கான்சினிலேயே இருக்கும் பெர்லின் என்ற சிற்றூரில் தொடங்கி, 1880களின் இறுதியில் பெலாய்டுக்கு வந்தது. அப்புறம் பி.பி. யேட்ஸ் என்று பெயர் மாறி, 1920களில் அமெரிக்கன் உட்வொர்க்கிங் மெஷினரி கம்பெனியோடு சேர்ந்து யேட்ஸ்-அமெரிக்கன் ஆனது. தேதியில்லாத காகிதத்துக்கு வயது சொல்ல இந்தப் பெயர் மாற்றங்கள்தான் முதல் பிடி. தலைப்பில் பெர்லின் என்றிருந்தால் ஒரு காலம், யேட்ஸ் என்று மட்டும் இருந்தால் இன்னொரு காலம்.

முகவரியும் உதவும். நகரப் பெயருக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ இலக்கம் இருந்தால் 1943க்குப் பிந்தையது, ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963க்குப் பிந்தையது. "மிகப் பழையது, நூறு வருஷத்துக்கு முந்தியது" என்று ஒருவர் நீட்டிய பட்டியலில் ஜிப் கோடு பளிச்சென்று இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை; வாங்கவும் இல்லை.

எல்க்ஹார்ன் பழம்பொருள் சந்தை மாவட்டக் கண்காட்சித் திடலில் கூடுகிறது. விடிவதற்குள் டார்ச் லைட்டோடு வருகிறவர்கள் உண்டு. நாங்களும் அப்படித்தான். காகிதம் தேடுகிறவன் பார்க்க வேண்டியது கருவிகள் விரித்திருக்கும் மேஜையை அல்ல, அதற்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியை. வீட்டைக் காலி செய்கிறவர்கள் கருவிகளைத் துடைத்து மேலே அடுக்குவார்கள், காகிதக் கத்தையை அப்படியே கீழே தள்ளிவிடுவார்கள்.

ஒரு கடையில் இயந்திரங்களின் பெயர்த்தகடுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. பித்தளை, துத்தநாகம், அலுமினியம் என்று எல்லாம் கலந்து. திருகு கழற்றியவை சில, உளியால் நெம்பி எடுத்ததில் மூலை வளைந்தவை சில. இரண்டாம் உலகப்போர்க் காலத் தகடு ஒன்றும் இருந்தது. போர் உற்பத்தி வாரியத்தின் ஆணைகளுக்கு இந்த இயந்திரம் ஒத்துப்போகிறது என்று அதில் பொறித்திருந்தார்கள்.

தகடு வாங்குவதில்லை என்று எனக்கு ஒரு விதி. வரிசை எண் இருப்பது தகட்டில்தான். அது போய்விட்டால் அந்த இயந்திரம் எந்த வருஷத்தது, எந்த மாடல், முதலில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று தேட வழியே இல்லை. கேட்டலாக்கை எடுத்து வந்தால் இயந்திரத்துக்கு ஒன்றும் குறையாது. தகட்டைப் பிடுங்கினால் அது பெயரில்லாத வார்ப்பிரும்பு. சுவரில் மாட்ட அழகாக இருக்கிறது என்பதற்காக, ஓடுகிற இயந்திரத்திலிருந்தே கழற்றி விற்கிறார்கள். எனக்கு எரிச்சல் வரும் இடம் இதுதான்.

சித்தப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதோட மெஷின் எங்கேன்னு கேளு."

கேட்டேன். பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றார் கடைக்காரர். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"அப்ப நாம வாங்கலேன்னா இதுவும் உருகத்தான்டா போகும்."

"வாங்க ஆள் இருந்தா இன்னும் கழட்டுவாங்க சித்தப்பா."

"நான் உன்னை வாங்கச் சொல்லலையே. நான் வாங்கறேன்." 12 டாலர் கொடுத்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு அவர் நியாயம்.

தகட்டில் பேடன்ட் தேதி இருந்தது. மே 28 என்பது தெளிவு. வருஷத்தின் கடைசி இலக்கத்தில் பெயின்ட் அடைத்து, 6ஆ 9ஆ என்று தெரியவில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. 1848க்குப் பிறகு அமெரிக்காவில் பேடன்ட்கள் செவ்வாய்க்கிழமைதான் வெளியாகும். 1886 மே 28 வெள்ளி, 1889 மே 28 செவ்வாய். ஆக 1889. இன்னொன்றும் கவனிக்கலாம்: 1927ல் சட்டம் மாறி, தேதிக்குப் பதில் பேடன்ட் எண்ணைப் பொறிக்கச் சொன்னார்கள். அதனால் தேதி மட்டும் இருக்கும் தகடு பெரும்பாலும் அதற்கு முந்தைய பேடன்ட்டைச் சேர்ந்தது. ஆனால் பேடன்ட் தேதி இயந்திரம் பிறந்த தேதி இல்லை. ஒரே வார்ப்பு மாதிரியை வைத்து இருபது வருஷம்கூட ஓட்டுவார்கள். இதைச் சொன்னதும் சித்தப்பா தலையாட்டினார். அந்த மாதிரிகளைச் செய்தவர் அல்லவா.

இன்று எனக்குக் கிடைத்தது காகிதம் அல்ல, அதைப் பெற்ற தாய். நாடா ரம்பத்தின் படம் கொண்ட அச்சுக்கட்டை ஒன்று, 40 டாலர். அந்தக் காலத்தில் கேட்டலாக் படங்களை பாக்ஸ்வுட் மரத்தின் குறுக்கு வெட்டுப் பரப்பில் கையால் செதுக்குவார்கள். செதுக்கிய மூலத்தை அச்சுக்கு அனுப்பித் தேய்க்க மாட்டார்கள். மெழுகில் அதன் அச்சு எடுத்து, அதன்மேல் மின்பூச்சு முறையில் ஒரு செம்புத் தோல் எடுத்து, ஈயம் ஊற்றிக் கெட்டியாக்கி, மரக்கட்டையில் ஆணியடித்து, ஏஜென்டுகளுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்புவார்கள். என் கையில் இருப்பது அப்படி ஒரு பிரதி. கட்டையில் இடம் வலமாகத் தெரிவதால் எந்தக் கம்பெனி இயந்திரம் என்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

திங்கள் – மில்வாக்கி

ஹெர்பர்ட் டாட்ஸ் என்பவர் 1919ல் இந்த ஊரில் டெல்டா ஸ்பெஷாலிட்டி கம்பெனியைத் தொடங்கினார். அதுவரை பெரிய இயந்திரங்கள் தொழிற்சாலைக்குத்தான். டெல்டா வீட்டு கராஜில் வைக்கும் அளவுக்குச் சிறிய மின் ரம்பங்களையும் லேத்களையும் செய்தது. 1945ல் ராக்வெல் வாங்கிக்கொண்டது. 'டெல்டா மில்வாக்கி' என்று முக்கோணத்துக்குள் எழுதிய சின்னம் இந்தப் பக்கம் எந்தப் பழைய பட்டறைக்குப் போனாலும் கண்ணில் படும்.

டெல்டா காகிதங்களைச் சேர்ப்பது சுலபம், மலிவு. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வீட்டுத் தச்சர்களுக்காக அச்சடித்ததால் ஏராளமாக அச்சடித்தார்கள். 1930களில் டெல்டாகிராம் என்று ஒரு சிறு பத்திரிகையே நடத்தினார்கள். புத்தக அலமாரி, பறவைக்கூடு, விளக்குத்தண்டு செய்யும் வரைபடங்கள், கூடவே அதற்கு எந்த டெல்டா ரம்பம் வேண்டும் என்ற குறிப்பு. பொருளாதார மந்தக் காலத்தில் ரம்பம் வாங்க ஆசை காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

மாலையில் ஒரு சேகரிப்பாளர் வீட்டுக்குப் போனோம். பெயர் வேண்டாம், அவர் விரும்ப மாட்டார். நிலவறை முழுக்கக் காகிதம். ஒவ்வொரு தாளும் தெளிவான பாலியஸ்டர் உறையில், உறைகள் அமிலமற்ற அட்டைப்பெட்டியில். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதிக் காகிதம் கந்தல்துணிக் கூழில் செய்தது, இன்றும் துணி மாதிரி வளையும். நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ் வந்தது. மரத்தில் இருக்கும் லிக்னினும், மை பரவாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் சேர்ந்து தாளைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். ரம்பம் விற்ற காகிதம் மரமாக இருப்பதாலேயே சாகிறது. அவரது ஆலோசனைகள் கறாரானவை. லேமினேஷன் கூடாது. பசைநாடா கூடவே கூடாது. துருப்பிடித்த ஸ்டேபிளை இழுக்காமல், காலை நிமிர்த்தி எடுக்க வேண்டும். எண்ணெய்க் கறையை விட்டுவிட வேண்டும்.

கடைசியாகச் சொன்னது எனக்கு இனித்தது. ஆனால் அவரிடம் ஒரு குணம்: கறையும் கிறுக்கலும் உள்ள பிரதிகளைத் தனிப் பெட்டியில் போட்டு, அதற்கு இரட்டிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார். சுத்தமான பிரதி கிடைத்ததும் கறை பட்டதை விற்றுவிடுவாராம். நான் எதிர்க்கட்சி.

இந்தக் கேட்டலாக்குகளைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் இயந்திரம் மட்டும் நிற்கும். ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். அதை ஓட்டுகிற ஆள் மட்டும் இருக்க மாட்டார். பெல்ட் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாது. மேல்விட்டத்தில் ஓடும் ஷாஃப்ட், தூசி, சத்தம் எதுவும் கிடையாது. லெட்டர்ஹெட்டில் தொழிற்சாலையின் படம் இருக்கும். அதிலும் கட்டடத்தைப் பெரிதாக்கி, புகைபோக்கிகளைக் கூட்டி, தெருவில் எறும்பளவு குதிரைவண்டிகளை விட்டிருப்பார்கள். இயந்திரத்தின் முன்னால் நின்றவன் இந்தக் காகிதங்களில் வருவது ஒரே ஒரு வழியில்தான். ஓரத்தில் பென்சிலால் எதையாவது எழுதி வைத்திருந்தால். அப்படி எழுதியதைக் கறை என்று தள்ளுவதா?

வாதத்தை வளர்க்கவில்லை. அவரிடம் ஒரு சிறிய கையச்சுப் பொறி இருந்தது. என் அச்சுக்கட்டையை எடுத்துக் காட்டியதும் மனிதர் இருபது வயது குறைந்துவிட்டார். அமெரிக்க அச்சு எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், கட்டையும் அதே உயரம் இருந்தால்தான் சீராகப் பதியும். என்னுடையது ஒரு மூலையில் சுருங்கியிருந்தது. அடியில் மெல்லிய தாள் கொடுத்து ஏற்றினார். ஒரு தாள், பிறகு அதில் பாதி. சித்தப்பா பக்கத்தில் நின்று விரலால் தடவி, "இன்னும் ஒரு மயிரிழை" என்றார். மொழி தெரியாமலே இருவருக்கும் புரிந்தது.

மூன்றாவது அச்சில் படம் முழுதாக வந்தது. ரம்பத்தின் மேல் சக்கரம், ஆரங்கள், சட்டத்தின் வளைவில் நிழலுக்காகப் போட்ட முடியளவு கோடுகள். அடிப்பீடத்தில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் செதுக்கி வழித்திருந்தார்கள். ஏஜென்ட் தன் பெயரைப் போட்டு விற்றிருப்பார். சித்தப்பா சிரித்தார். "காகிதத்திலயும் தகட்டைக் கழட்டியிருக்கான் பாரு."

செவ்வாய் – டூ ரிவர்ஸ்

ஏரிக்கரையோடு வடக்கே. ஹாமில்டன் மர எழுத்து அச்சு அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. மரவேலை இயந்திரத்தோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

1878ல் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவருக்குச் சுவரொட்டிக்குப் பெரிய எழுத்துகள் அவசரமாகத் தேவைப்பட்டன. நாற்காலித் தொழிற்சாலையில் வேலை செய்த ஜே.இ. ஹாமில்டனிடம் கேட்டார். ஹாமில்டன் தன் அம்மா வீட்டுப் பின் திண்ணையில், காலால் மிதிக்கும் ஸ்க்ரோல் சாவில் எழுத்துகளை அறுத்து, கட்டையில் ஒட்டிக் கொடுத்தார். 1880ல் அதையே தொழிலாக்கினார். ஹாலி மரத்தின் மெல்லிய தகட்டில் அறுத்த எழுத்தை மலிவான கட்டையில் ஒட்டுவது அவருடைய முறை, அதனால் விலை குறைவு. சில ஆண்டுகளில் போட்டிக் கம்பெனிகளையே வாங்கிவிட்டார்.

பிறகு முறை மாறியது. மேப்பிள் மரத்தைக் குறுக்காக வெட்டி, அந்தக் குறுக்குப் பரப்பை இழைத்துத் தேய்த்து, பான்டோகிராஃப் இணைத்த ரவுட்டரால் எழுத்தைக் குடைவார்கள். அதன் ஒரு முனை, மாதிரியாக வைத்த எழுத்தின் விளிம்பைத் தொட்டுப் போக, மறுமுனையில் சுழலும் வெட்டி சின்ன அளவில் அதையே செய்யும். ரவுட்டரை 1827ல் டேரியஸ் வெல்ஸ் இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். 1834ல் வில்லியம் லெவன்வொர்த் பான்டோகிராஃபைச் சேர்த்தார். ரவுட்டர் விடும் உள்மூலைகள் எப்போதும் உருண்டையாக இருக்கும். அவற்றைக் கூராக்குவது கையில் கத்தி பிடித்தவர்களின் வேலை. சித்தப்பா ஓர் எழுத்தின் உள்மூலையை வெகுநேரம் பார்த்தார். பேட்டர்ன் மேக்கருக்கு அந்தக் கத்தித் தடம் சொந்த பாஷை.

இங்கே 15 லட்சம் மர எழுத்துகள் இருக்கின்றன. எனக்கு வேண்டியது மாதிரிப் புத்தகங்கள். எழுத்து விற்ற கம்பெனி தன் சரக்கைத் தன் சரக்காலேயே அச்சடித்துக் காட்டியது. ரம்பக் கம்பெனியால் அது முடியாதே.

புதன் – மானிட்டோவாக்கிலிருந்து ஏரியைக் கடந்து

எஸ்.எஸ். பேட்ஜர். 1952ல் ரயில் பெட்டிகளை ஏற்றிச் செல்லக் கட்டிய நீராவிக் கப்பல். இன்று கார்களை ஏற்றுகிறது. சுமார் நான்கு மணி நேரம், அக்கரையில் லடிங்டன். எஞ்சின்கள் ஈரி நகரத்து ஸ்கின்னர் கம்பெனியுடையவை. சித்தப்பா கப்பல் முழுக்க நடந்து தகடு தேடினார். எனக்குக் காற்றில் தலைவலி. ஏரியின் நடுவில் ஒரு மணி நேரம் காணாமல் போய்விட்டது. அக்கரையில் கிழக்கு நேரம்.

வியாழன் – கிராண்ட் ராப்பிட்ஸ், மிச்சிகன்

1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் இந்த ஊர் மரச்சாமான்கள் பெயர் வாங்கின. அடுத்து மரச்சாமான் சந்தைகள் கூடத் தொடங்கின, ஊருக்கு 'ஃபர்னிச்சர் சிட்டி' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. மரச்சாமான் இருக்கும் இடத்தில் அதைச் செய்யும் இயந்திரங்களும் வரும். ஆலிவர் மெஷினரி, டேன்விட்ஸ் இரண்டும் இந்த ஊர். ஆலிவர் பேட்டர்ன் ஷாப்களுக்கான லேத், ரம்பம், பலகையை நேராக இழைக்கும் ஜாயின்டர் ஆகியவற்றுக்குப் பேர் போனது. சித்தப்பா வேலை பார்த்தது இங்கிலாந்தின் லெஸ்டரில் செய்த வாட்கின் இயந்திரங்களில். ஆலிவரை அவர் பங்காளி வீட்டுக்காரரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

காலையில் கிராண்ட் நதிக்கரையில் இருக்கும் பொது அருங்காட்சியகம், பிறகு பொது நூலகம். நூலகத்தின் ரயர்சன் கட்டடம் 1904ஆம் வருஷத்தது. ஊர் வரலாற்றுப் பிரிவில் மரச்சாமான் கேட்டலாக்குகள் நிறைய. நாற்காலிகளின் கேட்டலாக்கையும் அவற்றைச் செய்த இயந்திரங்களின் கேட்டலாக்கையும் ஒரே நாளில் பார்ப்பது விசித்திரமாக இருக்கும். நாற்காலிப் படத்தில் விளக்கு, கம்பளம், சில சமயம் அமர்ந்திருக்கும் பெண்மணி. இயந்திரப் படத்தில் யாரும் இல்லை.

பழைய இயந்திரக் கேட்டலாக்குகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. படத்துக்குக் கீழே, அளவு, எடை எல்லாம் முடிந்த பிறகு, சம்பந்தமில்லாத ஓர் ஒற்றைச் சொல் நிற்கும். அது தந்திக் குறிச்சொல். தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு. '24 அங்குல இழைப்பு இயந்திரம், வலப்பக்க பெல்ட், கூடுதல் கத்திகளோடு' என்று அடிப்பதற்குப் பதில் அந்த ஒரே சொல்லை அடித்தால் போதும். மாடலுக்கு ஒன்று, சில இடங்களில் மாற்றங்களுக்குத் தனியாக ஒன்று. வாங்குகிறவர் கையிலும் அதே கேட்டலாக் இருந்தால்தான் இது நடக்கும். அதனால்தான் அவ்வளவு செலவு செய்து கனமான கேட்டலாக்குகளைச் சும்மாவே அனுப்பினார்கள்.

மத்தியானம் நதிக்கரையில் 1911 வேலைநிறுத்தத்தின் நினைவுச் சிற்பத்தைப் பார்த்தோம். பத்து மணி நேர வேலையை ஒன்பதாக்கு, கூலியைப் பத்து சதவீதம் கூட்டு, உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டை ஒழி என்று கேட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஏப்ரலில் வெளியே வந்து, கோடை வரை நின்றார்கள். அந்த நேரம்தான் ஜாயின்டர்களில், கத்திகளைத் தாங்கிச் சுழலும் சதுரத் தலைக்குப் பதிலாக உருண்டைத் தலை பரவிக்கொண்டிருந்தது. சதுரத் தலைக்கும் மேஜை விளிம்புக்கும் இடையில் வாய் அகலம். கை வழுக்கினால் உள்ளே இழுத்துக்கொள்ளும், விரல் முழுதாகப் போகும். உருண்டைத் தலையில் இடைவெளி குறைவு, காயமும் சிறியது. "எங்க ஷாப்ல மூத்தவர்களை விரல் எண்ணியே அடையாளம் சொல்லலாம்" என்று சித்தப்பா தன் பத்தையும் நீட்டிக் காட்டினார். பத்தும் இருப்பது அவருக்குப் பெருமை.

சாயங்காலம் ஊர் ஓரத்தில் ஒரு வியாபாரியிடம் ஜாயின்டர் உதிரிபாகப் பட்டியல் ஒன்று. எட்டுப் பக்கம், மேலட்டை இல்லை, எண்ணெயில் ஊறிய கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு பக்கத்திலும். பின்பக்கத்தில் பென்சில் குறிப்புகள் இருந்ததால் பத்து டாலர் குறைத்து, 15க்குக் கொடுத்தார். நான் பேரமே பேசவில்லை.

அறைக்கு வந்து விளக்கைச் சாய்த்துப் படித்தோம். கத்தி தீட்டிய தேதிகள். 1939லிருந்து ஒரே கையெழுத்து, மாதத்துக்கு ஒரு முறை, எப்போதாவது இரண்டு. இடையில் "பின் மேஜை, ஒரு நூலளவு தாழ்வு, தாள் கொடுத்தது" என்ற பொருளில் ஒரு குறிப்பு. 1942 கடைசியில் கையெழுத்து மாறுகிறது. புதியவர் வாரத்துக்கு ஒரு முறை தீட்டுகிறார்.

"புது ஆள், கத்திக்குப் பயந்து ஓயாம தீட்டியிருக்கான்" என்றேன்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். இந்தப் பயணத்தில் அவர் ஒரு காகிதத்தை இரண்டாம் முறை கையில் எடுத்தது இதுதான் முதல்.

"ஆள் பயந்தவன் இல்லடா. மரம் மாறியிருக்கு. ஒட்டுப்பலகை ஓட்டியிருக்கான். நடுவுல இருக்கிற பசை, கத்தியைத் தின்னும். ஒரு வாரம் தாங்கினதே அதிகம்."

1942 என்பதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். போர்க்காலத்தில் மரச்சாமான் செய்தவர்களின் கைக்கு விமானத்துக்கான மர பாகங்கள் போன்ற வேலைகள் வந்தன. அதில் ஒட்டுப்பலகை அதிகம். இந்தப் பட்டியல் எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று எழுதவில்லை, ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வருஷம் பொருந்துகிறது, பசை பொருந்துகிறது, கையெழுத்து மாறியதும் பொருந்துகிறது. மில்வாக்கி நிலவறையில் இது இரட்டிப்புப் பெட்டிக்குப் போயிருக்கும்.

சித்தப்பா அதற்குப் பிறகும் அரை மணி நேரம் படித்தார். பின் மேஜைக்குத் தாள் கொடுத்தது தப்பு, மேஜையை ஆடாமல் பிடிக்கும் ஜிப் என்ற பட்டையை இறுக்கியிருக்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. எண்பது வருஷம் கழித்து ஒரு மேஸ்திரி.

வெள்ளி – ஏரியின் தென்கரை வழியாக

இன்று ஓட்டம் மட்டும். இண்டியானா வழியாக, லாரிகளுக்கு நடுவில். எழுத ஒன்றுமில்லை.

ராத்திரி எல்லாவற்றையும் பிரித்து வைத்தேன். பார்ன்ஸ் தாளை மடிப்போடேயே உறையில் போட்டேன், விரித்தால் கிழியும். அச்சுக்கட்டை துணியில். செம்புத் தகட்டின் ஆணிகள் தளர்ந்திருக்கின்றன, தொடப் போவதில்லை. சித்தப்பா தன் தகட்டைப் பித்தளை பாலீஷ் போட்டுத் தேய்க்கக் கிளம்பினார். எழுத்துக்கு நடுவே உள்ள கறுப்பு எனாமலும் சேர்ந்து போய்விடும் என்று தடுத்தேன். சோப்புத் தண்ணீர் போதும் என்று சமாதானமானோம்.

உதிரிபாகப் பட்டியலை ஸ்கேன் செய்தேன். அதே மாடல் ஜாயின்டரைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் ஒருவர், பலகையை அணைத்துத் தள்ளும் 'வேலி'யைப் பிடிக்கும் பிராக்கெட் இருக்கும் பக்கம் வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: மிக்க நன்றி, அச்செடுத்துப் பட்டறையில் மாட்ட வேண்டும், அந்தப் பென்சில் கிறுக்கல்களை அழித்து அனுப்ப முடியுமா?

முடியாது என்று எழுதினேன். பின் மேஜைக் குறிப்பை மட்டும் பெரிதாக்கி இன்னொரு படமும், ஜிப்பைப் பற்றிச் சித்தப்பா சொன்னதையும் சேர்த்து அனுப்பினேன்.